கொதிக்கும்போது அறுவது எது?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய விடைகளைப் பார்த்தேன். குளோரோபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு இரண்டில் எதற்குக் கொதிநிலை அதிகம் என்ற கேள்விக்குக் குளோரோபார்ம் என்று எழுதியிருக்கிறாய். "இருமுனை விசை லண்டன் விசையைவிட வலியது" என்று காரணமும் கொடுத்திருக்கிறாய். ஆனால் குளோரோபார்ம் 61 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. டெட்ராகுளோரைடு கொதிக்க 77 டிகிரி வேண்டும். இது கவனக்குறைவால் வந்த பிழை இல்லையம்மா. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசைகளில் அடியில் லண்டன் விசை, அதற்கு மேல் இருமுனை விசை (நிலையான நேர்மின் முனையும் எதிர்மின் முனையும் உள்ள மூலக்கூறுகளுக்கு இடையிலானது), உச்சியில் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஓர் ஏணியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாய். ஏறக்குறைய ஒரே அளவுள்ள மூலக்கூறுகளை ஒப்பிடும்போது மட்டும்தான் அந்த ஏணி நிற்கும்.

அதற்கு முன் ஒன்றைச் சரிசெய்துவிடலாம். "தண்ணீர் கொதிக்கும்போது ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு அறுகிறது" என்று இன்னொரு விடையில் இருக்கிறது. அது அறுவதே இல்லை. ஒரு மோல் தண்ணீரை, அதாவது 18 கிராமை, 100 டிகிரியில் ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமுக்குள், மூலக்கூறின் உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சகப்பிணைப்புகளை எல்லாம் அறுக்க 920 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். நீராவியும் முழுமையான தண்ணீர் மூலக்கூறுகள்தான். ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றன, அவ்வளவே. ஹைட்ரஜன் பிணைப்பு என்ற பெயர்தான் உன்னைக் குழப்பியிருக்க வேண்டும். பெயரில் பிணைப்பு இருந்தாலும் நாம் இங்கே பேசுவது ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையிலான ஈர்ப்பை. தண்ணீரில் அது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல். படம் போடும்போது சகப்பிணைப்பை முழுக்கோடாகவும் இதைப் புள்ளிக்கோடாகவும் போட்டுப் பழகு. கொதிக்கும்போது விடுபடுவது புள்ளிக்கோடு மட்டும்.

இனி லண்டன் விசை. பாடத்தில் இதற்கு நான்கு வரிதான் இருக்கும், ஆனால் நீ அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கணம் மூலக்கூறின் ஒரு பக்கம் அவை சற்று அதிகமாகச் சேர்ந்தால் அங்கே எதிர்மின் சாயலும் மறுபக்கம் நேர்மின் சாயலும் வரும். அந்தச் சாயல் பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களையும் ஒதுக்கிவிடுவதால் இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு இதை 1930-இல் விளக்கியவர் ஃபிரிட்ஸ் லண்டன். எலக்ட்ரான் இல்லாத மூலக்கூறு கிடையாது. ஆகவே இந்த விசை இல்லாத மூலக்கூறும் கிடையாது. முனைவுள்ள, அதாவது நிலையான இருமுனை கொண்ட மூலக்கூறில் லண்டன் விசை போய் இருமுனை விசை வந்து உட்காருவதில்லை. முன்னதோடு பின்னது சேர்கிறது.

எலக்ட்ரான்கள் எவ்வளவு அதிகமோ, எவ்வளவு தளர்வாகப் பிடிபட்டிருக்கின்றனவோ, அவ்வளவுக்கு இது கூடும். ஃபுளோரின் −188 டிகிரியிலும் குளோரின் −34 டிகிரியிலும் கொதிக்கின்றன. புரோமினுக்கு 59, அயோடினுக்கு 184. நான்கிலும் நிலையான இருமுனை துளியும் இல்லை. இந்த 372 டிகிரி ஏற்றம் முழுவதும் லண்டன் விசையின் வேலை. "நிறை கூடுவதால் கொதிநிலை கூடுகிறது" என்று எழுதிவிடாதே. நிறையும் எலக்ட்ரான் எண்ணிக்கையும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறுவதால் அப்படித் தோன்றுகிறது. ஹீலியத்தின் நிறை 4, ஹைட்ரஜன் மூலக்கூறின் நிறை 2. ஆனால் ஹீலியம் −269 டிகிரியில் கொதிக்கிறது, ஹைட்ரஜன் −253 டிகிரியில். இரண்டிலும் எலக்ட்ரான் இரண்டுதான். ஹீலியம் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

வடிவமும் முக்கியம், ஏனென்றால் தூரம் இரு மடங்கானால் இந்த ஈர்ப்பின் ஆற்றல் 64-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நார்மல் பென்டேன், ஐசோபென்டேன், நியோபென்டேன் மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. ஆனால் கொதிநிலை முறையே 36, 28, 9.5. நார்மல் பென்டேன் போன்ற நீண்ட சங்கிலிகள் உடல் முழுவதும் உரசி நெருங்கிப் படுக்கும். நியோபென்டேன் மாதிரி பந்து போன்றவை ஒரு சிறு இடத்தில்தான் தொட்டுக்கொள்ளும்.

இப்போது உன் கேள்விக்குத் திரும்பு. டெட்ராகுளோரைடில் 74 எலக்ட்ரான்கள், குளோரோபார்மில் 58. குளோரோபார்மின் இருமுனை தரும் கூடுதல் ஈர்ப்பால் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியவில்லை. ஹைட்ரஜன் குளோரைடு, புரோமைடு, அயோடைடு வரிசையிலும் இதையே பார்க்கலாம். இருமுனை படிப்படியாகக் குறைகிறது, கொதிநிலையோ −85, −67, −35 என்று ஏறுகிறது. இருமுனையின் பங்கைத் தனியாகக் காண வேண்டுமானால் ஒத்த அளவுள்ளவற்றை எடு. பியூட்டேன், அசிட்டோன் இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 58. பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே கொதிக்கிறது, அசிட்டோன் 56-இல்.

முனைவுள்ள பிணைப்பு இருந்தாலே மூலக்கூறும் முனைவுள்ளது என்று எண்ணிவிடாதே. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு இழுப்பும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக இருப்பதால் கூட்டுத்தொகை பூஜ்யம். வடிவத்தை வரையாமல் முனைவைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாதே.

ஹைட்ரஜன் பிணைப்பில் நீ தவறவிட்டது ஒரு நிபந்தனையை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறில் இருந்தால் போதாது. அந்த ஹைட்ரஜன் ஃபுளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன் இவற்றில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இதே மூன்றில் ஒன்றின் தனித்த எலக்ட்ரான் இரட்டை, அதாவது எந்தச் சகப்பிணைப்பிலும் சேராத எலக்ட்ரான் ஜோடி, வேண்டும். எத்தனால், டைமெத்தில் ஈதர் இரண்டிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில். எத்தனால் 78-இல் கொதிக்கிறது, ஈதர் −24-இல். ஈதரின் ஹைட்ரஜன்கள் எல்லாம் கார்பனில் இருக்கின்றன. அசிட்டோனும் அப்படித்தான்: தனக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட முடியாது. ஆனால் தண்ணீர் கொடுக்கும் ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்ளும், அதனால் எந்த விகிதத்திலும் தண்ணீரோடு கலக்கும். குளோரின் நைட்ரஜன் அளவுக்கே எலக்ட்ரானைக் கவர்ந்தாலும் உருவில் பெரியது. மின்சுமை பரவிப்போவதால் அதை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

பிணைப்பின் வலிமையோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடின் ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீருடையதைவிட வலியது. ஆனால் அது 19.5-இலேயே கொதித்துவிடுகிறது. அதில் ஹைட்ரஜன் ஒன்று, தனித்த இரட்டைகள் மூன்று, ஹைட்ரஜன் தீர்ந்துபோகிறது. அம்மோனியாவில் ஹைட்ரஜன் மூன்று, தனித்த இரட்டை ஒன்றுதான். அங்கே இரட்டை தீர்ந்துபோகிறது. தண்ணீரில் இரண்டுக்கு இரண்டு, ஒன்றும் மிச்சமில்லை. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைப் பிடித்திருப்பது இதனால்தான். அந்த அமைப்பில் நடுவே வெற்றிடம் விழுவதால்தான் பனிக்கட்டி மிதக்கிறது.

விடை எழுதும்போது முதலில் இரண்டு மூலக்கூறுகளையும் வடிவத்தோடு வரை. எலக்ட்ரான்களை எண்ணு. எண்ணிக்கை நெருக்கமாக இருந்தால் முனைவும் ஹைட்ரஜன் பிணைப்பும் முடிவு செய்யும். பெரிய வித்தியாசம் இருந்தால் அவசரப்படாதே; லண்டன் விசை வெல்லக்கூடும், கொடுத்திருக்கும் அளவீட்டைப் பார்த்து எது வென்றது என்று சொல். "பிணைப்பு வலுவானது" என்று மொட்டையாக நிறுத்தாமல், எந்த மூலக்கூறுகளுக்கு இடையே எந்த விசை என்று பெயரோடு எழுது. ஆவி அழுத்தம் (திரவத்திலிருந்து கிளம்பும் ஆவி தரும் அழுத்தம்) கேட்டால் இதே வாதம்தான், திசை மட்டும் மாறும்: ஈர்ப்பு கூடினால் ஆவி அழுத்தம் குறையும்.

ஆர்த்தோ நைட்ரோபீனால் 45 டிகிரியில் உருகுகிறது, பாரா நைட்ரோபீனால் 114-இல். அணுக்கள் அதே, எலக்ட்ரான் எண்ணிக்கையும் அதே. இரண்டையும் வரைந்து, அந்த ஒரு ஹைட்ரஜன் எந்த ஆக்சிஜனை எட்டிப் பிடிக்கிறது, தன் மூலக்கூறிலா அடுத்ததிலா என்று புள்ளிக்கோடு போட்டுப் பார். வரைந்ததைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா