சுருதியை இறக்கலாம், டேப் போடக்கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

குரல் தேய்ந்த பிறகும் மேடை ஏறும் ராக் பாடகர்களைச் சாடிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

2003 ஏப்ரல் 4, பெங்களூர் அரண்மனை மைதானம், ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் கச்சேரி. அல்சூரிலிருந்து நானும் என் மச்சினனும் கிளம்பும்போதே வீட்டில் கேலி: "தாத்தாக்கள் குதிக்கிறதைப் பார்க்க இவ்வளவு காசா?" கேலியிலும் நியாயம் இருந்தது. பாடகர் மிக் ஜாகர், கிடார் வாசித்த கீத் ரிச்சர்ட்ஸ் இருவருக்கும் அப்போது 59 வயது. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 61. நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேடையில் இருந்தவர்கள் கட்டைவிரல் உயரம்தான். மற்றதெல்லாம் பெரிய திரையில்.

மச்சினன் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். எல்லோரும் ஜாகரின் ஓட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, இவன் என் தோளைத் தட்டினான். "மாமா, சார்லி வலது கையைப் பாருங்க. ஸ்னேர்ல அடி விழும்போது ஹை-ஹாட்டைத் தொடாம தூக்குது." ஸ்னேர் என்பது முன்னால் இருக்கும் சின்ன டிரம், ஹை-ஹாட் அதன் பக்கத்தில் இருக்கும் ஜோடித் தட்டு. மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்களாம். அந்தச் சின்ன இடைவெளியில்தான் தாளம் மூச்சு விடுகிறது என்றான். அதற்கப்புறம் நான் ஜாகரைப் பார்க்கவே இல்லை. 2021இல் சார்லி காலமான செய்தி வந்த இரவு மச்சினன் போன் செய்து, அந்தக் கையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினான்.

சில வருடங்களுக்கு முன் இங்கே இன்னொரு பழைய குழுவைப் பார்த்தோம். பெயர் வேண்டாம். முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது, ரெக்கார்டில் கேட்டதைவிட அரைக் கட்டை கீழே வாசிக்கிறார்கள். கட்டுரையாளர் இதைத்தான் 'ஏமாற்று' என்கிறார். இங்கே சாமராஜபேட்டையில் ராமநவமிக் கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றாது. வயதானால் வித்வான் சுருதியைக் குறைத்துக்கொள்வார், எட்டாத இடத்தைச் சுற்றிக்கொண்டு வருவார், சிஷ்யனைப் பின்னால் பாடவைப்பார். செம்மங்குடி கரகரத்த தொண்டையை வைத்துக்கொண்டே சபையைக் கட்டிப்போட்டவர். யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு மனசு விட்டுப்போனது பிறகுதான். உச்சஸ்தாயிப் பல்லவி வந்தது. பாடகர் மைக்கைத் தொடையருகே இறக்கி, மறு கையால் துண்டை எடுத்து முகம் துடைத்தார். குரல் நிற்கவில்லை! அதே கணீர், அதே இளமை. திரையில் அவர் வாய் மூடியிருந்தது. கேமராக்காரர் அவசரமாகக் கிடார் பக்கம் திருப்பினார். முன்னால் நின்ற பையன்கள் கண்டுகொள்ளாமல் பாடிக்கொண்டிருந்தார்கள், பாவம், அவர்கள்தான் அன்று உண்மையாகப் பாடியவர்கள். நம் கல்யாண மெல்லிசையில்கூட, எட்டாவிட்டால் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார். அதில் கள்ளமில்லை.

ஆகவே கட்டுரையாளரிடம் ஒரே வேண்டுகோள். குரல் உடைந்ததையும் குரலுக்குப் பதில் டேப் ஓடுவதையும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்க்க வேண்டாம். பதிவு செய்த குரல் ஓடும் என்றால் அதை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் டிக்கெட்டிலேயே அச்சிடட்டும், வேண்டுமென்பவர்கள் வாங்கட்டும்.

அடுத்து எந்தக் கிழட்டுக் குழு பெங்களூருக்கு வந்தாலும் நாங்கள் இருவரும் போவோம். மச்சினன் இந்த முறை பைனாகுலர் வாங்கி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அல்சூர், பெங்களூர்