இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டான்சில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி ஏறத்தாழ ஒரு வாரம் ஆன நிலையில், நள்ளிரவில் வாயில் இரத்தம் வழிய எழுந்த எங்கள் மகளைக் காப்பாற்றித் தந்த உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். அறுவை நடந்த 24 மணி நேரத்துக்குள் வரும் இரத்தக்கசிவு ஒரு வகை. புண்ணின்மேல் படிந்த வெண்படலம் உதிரும்போது, பெரும்பாலும் 5 முதல் 10 நாள்களுக்குள் வருவது மற்றொரு வகை. இரண்டாவது வகை வந்தாலே முதல் அறுவையில் குறை என்று பொருளில்லை எனக் காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கிய பிறகே எங்கள் மனம் ஆறியது.

குழந்தையைப் படுக்கவிடாமல் முன்சாய்ந்து உட்காரவைத்து, இரத்தத்தை விழுங்காமல் துப்பச் செய்துகொண்டே வந்த 108 ஊர்திப் பணியாளருக்கு நன்றி.

மருத்துவமனையை அடைந்தபோது கசிவு நின்றதுபோல் தெரிந்தது, மகளும் கண்ணயர்ந்தாள். ஆனால் இரவுப் பணிச் செவிலியர், தூக்கத்திலும் அவள் அடிக்கடி எதையோ விழுங்குவதையும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போவதையும் கவனித்து, டார்ச் விளக்கால் தொண்டையைப் பார்த்து, உடனே மருத்துவரை அழைத்தார். குழந்தைகளுக்கு இரத்த அழுத்தம் வெகுநேரம் சரியாகவே இருந்துவிட்டுத் திடீரென்று இறங்குமாம். என்னைக் கேட்டால், மகள் பிழைத்தது அறுவை அரங்கில் அல்ல, அந்தச் செவிலியரின் பார்வையில்தான் என்பேன்.

விழுங்கிய இரத்தம் வயிற்றில் நிறைந்திருப்பதால் மயக்கம் கொடுக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதை உணர்ந்து, முதலில் இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றி, இரண்டு உறிஞ்சு குழாய்களை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, விரைந்து மூச்சுக்குழாயில் குழலைச் செலுத்திய மயக்கவியல் மருத்துவருக்கு எங்கள் வணக்கம். உறைகட்டியை அகற்றி, கசிந்த இடத்தை மின்கருவியால் சுட்டும் அடங்காத இரத்தக்குழாயைத் தையலிட்டுக் கட்டியவர் அறுவை மருத்துவர். மயக்கம் தெளிவிக்கும் முன்பு வயிற்றிலிருந்த இரத்தத்தை வெளியேற்றியதோடு, மூக்கின் பின்புறம் தங்கும் ஒரு சிறு இரத்த உறைகட்டியும் பின்னர் நழுவி மூச்சை அடைத்துவிடலாம் என்பதால் அங்கும் பார்த்துத் துடைத்தாராம்.

மகளுக்குப் பொருந்தும் இரத்தத்தை அந்நேரத்திலும் பரிசோதித்து ஒதுக்கிவைத்த இரத்த வங்கிப் பணியாளர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். அதை ஏற்ற வேண்டிய தேவை வரவில்லை. எனினும் அதை வழங்கிய, பெயர் அறியாத கொடையாளருக்கும் எங்கள் நன்றி உரியது.

இப்படிக்கு,
நன்றியுடன்,
குழந்தையின் பெற்றோர்