முதலில் படுத்துப் பார், அப்புறம் பலகை வாங்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ வாங்கிய வேனின் படங்களையும், பயணத்தில் அதற்குள்ளேயே படுத்துக்கொள்ளக் கட்டில் போட நீ வரைந்த வரைபடத்தையும் பார்த்தேன். வேன் நன்றாக இருக்கிறது. வரைபடம்தான் இடிக்கிறது.

அப்பா அதைப் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றார். அவர் பிரமாதம் என்று சொன்ன ஒரு வேனில் நானும் பல இரவுகள் படுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

அந்தப் பழைய வேன் உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது நாலு வயது. அப்பா 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கட்டில் செய்து, ஆயுளுக்கும் அசையக் கூடாது என்று தரையோடு சேர்த்து ஸ்குரூ முடுக்கினார். மொத்தம் 22 ஸ்குரூ. ஒரு ராத்திரி நல்ல மழையில் டயர் பஞ்சர். ஜாக்கி எங்கே? கட்டிலுக்கு அடியில், தரை மூடிக்குள். சரி, ஸ்குரூவைக் கழற்றலாம் என்றால் திருப்புளியும் அதே பெட்டிக்குள். நான் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு காசின் விளிம்பை வைத்து முதல் நாலு ஸ்குரூவைத் திருகினேன். நீ ரோட்டோரம் மெத்தைமேல் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு, "நாம இங்கேதான் இனிமே இருக்கப் போறோமா?" என்று கேட்டாய்.

அதனால் உன் வரைபடத்தில் நான் முதலில் தேடியது ஜாக்கியை. காணவில்லை. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, ஜாக்கி எந்த மூடிக்குப் பின்னால் இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் படத்தில் சிவப்பு மையில் போடு. கட்டிலை அதைச் சுற்றி வரை.

இன்னொன்று. வாரத்தில் ஐந்து நாள் இதே வண்டியில்தான் வேலைக்குப் போகப் போகிறாய். சிநேகிதி வீடு மாற்றினால் உன்னைத்தான் கூப்பிடுவாள். ஒரு பழைய பீரோவை ஏற்ற முடியாத வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? கட்டில் தனிப் பெட்டியாக இருக்கட்டும். இரண்டு பேர் பத்து நிமிடத்தில் தூக்கி வெளியே வைக்கிற மாதிரி. சரக்கு வேன்களின் தரையில் கயிறு கட்ட இரும்பு வளையங்கள் இருக்கும். பெட்டியை அந்த வளையங்களோடு நல்ல ராட்செட் பட்டையால் (பிடியை ஆட்டினால் இறுகுகிற பட்டை) இழுத்துக் கட்டு. தரையில் ஓட்டை போடாதே. ஓட்டையின் விளிம்பில் வெறும் இரும்பு தெரிந்தால் அங்கிருந்துதான் துரு கிளம்பும். அதைவிட மோசம், அடியில் பெட்ரோல் டேங்க்கோ பிரேக் குழாயோ போகலாம். வேறு வழியே இல்லை என்றால் முதலில் அடியில் படுத்து என்ன இருக்கிறது என்று பார், ஓட்டை போட்டதும் துருத்தடுப்பு பெயின்ட் அடி.

இப்போது உன் கட்டில் உயரம். வேனுக்குள் தரையிலிருந்து கூரை 120 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். பெட்டி 40, மெத்தை 10, கூரைக்கு ஃபோமும் பலகையும் சேர்த்து 4. மிச்சம் 66. நீ ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உட்காரும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை அளந்து பார், 85-க்குக் குறையாது. அதாவது, உன் கட்டிலில் படுக்கலாம், உட்கார முடியாது. சட்டை மாற்றுவதும் முதுகை வளைத்துக்கொண்டுதான். மழை நாளில் அதற்குள்ளேயே ஒரு பகல் முழுக்கக் கழிக்க வேண்டி வந்தால் சாயங்காலம் கழுத்து சொல்லும்.

பெட்டியை 22-க்கு இறக்கு, மெத்தையை 8-க்குக் கொண்டுவா, கூரையில் பலகை வேண்டாம், மெல்லிய ஃபோமும் துணியும் போதும், 2 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். 88 கிடைக்கும். அடியில் பெரிய அலமாரி வராதுதான். தட்டையான பிளாஸ்டிக் கூடைகள் நாலு போகும். இரண்டு நாள் பயணத்துக்கு அதற்கு மேல் என்ன எடுத்துப் போகப் போகிறாய்?

நீளத்தையும் பார்த்துக்கொள். பின்கதவு மூடிய நிலையில் அள. திறந்து வைத்து அளந்தால் கதவின் உள்வளைவு நாலைந்து சென்டிமீட்டரைத் தின்றுவிடும். நீளம் போதவில்லை என்றால் பயணி சீட்டை முன்னால் தள்ளி மடித்து, அதன்மேல் ஒரு மடிப்புப் பலகையை நீட்டிக்கொள்ளலாம். பகலில் மடக்கிவிட்டால் இன்னொருவர் உட்கார இடம் கிடைக்கும். பலகை 12 மில்லிமீட்டர் போதும், குறுக்கே சட்டம் கொடுத்தால். எட்டுக்கு நாலடி 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றே கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும். அப்பாவின் 18 அதில் ஒன்றரை மடங்கு. உன் படத்தில் இருக்கிற 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, நிரப்பினால் 40 கிலோ. சின்ன வேனுக்கு இதெல்லாம் பிரேக்கில் தெரியும், டயரில் தெரியும். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை கதவு ஓரத் தகட்டிலோ பதிவுப் புத்தகத்திலோ இருக்கும். எல்லாம் ஏற்றியபின் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடு. தண்ணீருக்கு 10 லிட்டர் கேன் ஒன்று போதும், மூடியில் குழாய் வைத்தது. தொட்டியும் பம்பும் சிங்க்கும் வைத்து ஒரு டம்ளர் கழுவுவதைவிட கேனைச் சாய்ப்பது சுலபம்.

ஆனால் இதில் எதற்கும் இப்போதே பலகை வாங்கப் போகாதே. முதலில் வெறும் வேனில் ஒரு மெத்தையைப் போட்டு இரண்டு இரவு படு. வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படுத்தாலும் சரி. போனை எந்தக் கை தேடுகிறது, செருப்பை எங்கே விடுகிறாய், தெருவிளக்கு எந்த ஜன்னல் வழியாகக் கண்ணில் குத்துகிறது, நடுராத்திரி கதவைத் திறக்க எத்தனை பொருளைத் தாண்டுகிறாய் — இதெல்லாம் படத்தில் தெரியாது. நாங்கள் விளக்கு சுவிட்சைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, இரண்டு வருஷம் தினமும் கால் விரலால் அணைத்தோம்.

முதல் நாள் காலையில் கண்ணாடியைத் தொட்டுப் பார். உள்பக்கம் நனைந்திருக்கும். மூச்சில் வெளியேறும் ஈரம்தான் அது. ஒருவர் ஒரு ராத்திரியில் ஒரு டம்ளருக்குக் குறையாமல் விடுவார். அது குளிர்ந்த தகரத்தைக் கண்டதும் தண்ணீராகிறது. இதைத் தெரியாமல்தான் அப்பா சுவர் முழுக்கப் பஞ்சைத் திணித்து, பலகை அடித்து மூடினார். இரண்டாம் வருஷம் பலகையைக் கழற்றியபோது பஞ்சு ஈரத்துணி மாதிரி இருந்தது, அதற்குப் பின்னால் தகரம் காவி நிறத்தில். நீ தண்ணீர் உறிஞ்சாத, மூடிய துளை உள்ள ஃபோமை வாங்கித் தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டு. கதவின் அடியிலும் பக்கவாட்டின் அடியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தயாரித்தவர்களே விட்டது. அதை அடைத்துவிடாதே.

ஃபோம் எவ்வளவு ஒட்டினாலும் காற்று போக வழி வேண்டும். ஒரு ஜன்னல் அல்ல, இரண்டு, எதிரெதிராக, ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும். மழை உள்ளே வராமலிருக்க கண்ணாடிக்கு மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் தகடு கிடைக்கிறது, அதை மாட்டு. கூரையை வெட்டி விசிறி வைக்கலாம் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். முதல் வருஷம் வேண்டாம். ஓட்டை போட்ட கூரையைத் திரும்பப் பழையபடி ஆக்குவது கடினம்.

மின்சாரத்துக்கு நீ எழுதிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். விளக்கு 5 வாட், நாலு மணி நேரம், 20. சின்ன விசிறி 10 வாட், எட்டு மணி நேரம், 80. போன் 15, மடிக்கணினி ஒருமுறை சார்ஜ் 60. ஒரு நாளுக்கு 175 வாட் மணி. கையில் தூக்குகிற 500 வாட் மணி பவர் ஸ்டேஷன் (சாக்கெட் வைத்த பெரிய பேட்டரி) ஒன்று இரண்டு ராத்திரிக்குத் தாங்கும். கிளம்பும் முன் வீட்டில் சார்ஜ் போடு, வழியில் வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டிலும் ஏறும், மெதுவாக. வயரிங் வேண்டாம், பெட்டியைப் போலவே இதையும் இறக்கி வைக்கலாம். ஃபிரிட்ஜ் வைத்தால்தான் கணக்கு மாறும். சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்றே தினம் 300-க்கு மேல் கேட்கும், வெயில் நாளில் இன்னும். அதை ஒரு வருஷம் தள்ளிப்போடு, ஐஸ் பெட்டி இருக்கிறது. மின்சாரக் கெட்டிலை மறந்துவிடு, ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். வண்டியின் சொந்த பேட்டரியிலிருந்து எதையும் நேரடியாக எடுக்காதே, காலையில் வண்டி கிளம்பாது. பின்னால் எப்போதாவது தனி பேட்டரி வைத்தால், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். வயர் தகரத்தில் உரசித் தேய்ந்தால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் அம்மா கெஞ்சிக்கேட்கிறேன் என்று வைத்துக்கொள், கட்டளை என்று வைத்துக்கொண்டாலும் சரி. வேனுக்குள் பற்ற வைக்காதே. பின்கதவு மேலே திறக்கிற வண்டி என்பதால் அதன் கீழே, வெளியே, மழை படாமல் சமைக்கலாம். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கம் வருகிறது என்றுதான் நினைப்போம். குளிருகிறது என்று அடுப்பை உள்ளே வைத்துச் சூடேற்றிக்கொண்டு தூங்கியவர்கள் பலர் எழுந்ததில்லை. கட்டில் பக்கத்தில் அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றை மாட்டு, மாட்டும்போதே டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார். சிலிண்டர் கசிந்தால் வருகிற சமையல் வாயு காற்றைவிடக் கனம், கீழே, சரியாக உன் மெத்தை இருக்கிற தரையில் தேங்கும். சமைத்து முடிந்ததும் சிலிண்டரைக் கழற்றி வை.

அப்புறம், பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடிகிறதா? சரக்கு வேன்கள் பலவற்றில் உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. உள்ளே படுத்துக்கொண்டு, வெளியே யாரையாவது நிற்க வைத்து, பூட்டச் சொல்லிச் சோதித்துப் பார். பக்கக் கதவைக் கட்டில் மறைக்கக் கூடாது. படுக்கையிலிருந்து வண்டியை விட்டு இறங்காமலேயே ஓட்டுநர் சீட்டுக்குப் போக முடிந்தால் ரொம்ப நல்லது. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கதவைத் திறக்காமலே கிளம்பிவிடலாம். இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. தனியாகப் போகிறாய் என்று சொன்னாயே, அதற்காக.

பழைய வண்டி என்பதால் இன்னும் சில வேலைகள். தரை ரப்பரை முழுக்கத் தூக்கி, அடியில் துரு இருக்கிறதா என்று பார். விற்றவர் தூக்கிக் காட்டியிருக்க மாட்டார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டைத் தொடுகிற வரிகள்) நன்றாக இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான். எஞ்சினில் ஓடுகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். மெத்தை, திரை எல்லாம் அதற்கு அப்புறம். இன்சூரன்ஸ்காரர்களிடம் "உள்ளே படுக்கை வைத்திருக்கிறேன், கழற்றி வைக்கிற பெட்டி" என்று எழுத்தில் சொல்லிவிடு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள். சீட்டைக் கழற்றுவதற்கும் கண்ணாடி வெட்டுவதற்கும் ஊருக்கு ஊர் ஒரு விதி, கேட்காமல் செய்யாதே.

திரை நான் தைத்துத் தருகிறேன். வெளியே பார்க்கிற பக்கம் வெள்ளித்தாள், நடுவில் ஃபோம், உள்பக்கம் கறுப்புத் துணி, ஓரத்தில் சின்னக் காந்தங்கள். தகரச் சட்டத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். ஜன்னலின் நீள அகலத்தை எண்ணில் எழுதி அனுப்பாதே, எல்லாக் கண்ணாடியும் வளைவு. பழைய செய்தித்தாளைக் கண்ணாடிமேல் வைத்து, ஓரம் முழுக்க விரலால் அழுத்தி மடித்து, அந்த மடிப்பில் வெட்டி அனுப்பு. ஒவ்வொரு தாளிலும் இடது, வலது, உள்பக்கம் எது என்று பேனாவால் எழுது. அப்பா அன்றைக்கு எழுதவில்லை. இரண்டு இடதுபக்கத் திரை தைத்து வைத்துவிட்டு, வலதுபக்க ஜன்னலில் கடைசிவரை உன் பழைய பாவாடைதான் தொங்கியது.

அன்புடன்,
அம்மா