அக்காவுக்கு, நான்காவது சக்கரம் பற்றி

அக்கா,

நீ கோபித்துக்கொண்டு போய் நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. உன் வண்டிக்காக நாம் புதுப்பித்துக்கொண்டிருந்த நான்கு பழைய அலுமினியச் சக்கரங்களில் நான்காவதை இன்று காலை பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன்பு ரம்பத்தால் ரிம்மை இரண்டு இடத்தில் அறுத்தேன். அலுமினியம் மெத்தென்ற உலோகம்தான், ஆனால் ரம்பப் பல்லில் அப்பிக்கொண்டு நகரவிடாது. ஒரு வெட்டுக்கு 40 நிமிடம் ஆயிற்று. அறுக்காமலே கொடுத்திருக்கலாம், எடை ஒன்றுதான். ஆனால் யாராவது அதை எடுத்துத் துடைத்து, பளபளப்பைப் பார்த்து, தன் வண்டியில் மாட்டிவிட்டால்? அந்தப் பளபளப்பு என் கைவேலை. அதனால்தான் அறுத்தேன்.

தொலைபேசியில் நீ எடுப்பதில்லை. நான் எழுதும் இந்தப் பக்கத்தை மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறாய் என்று தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் நடுவில் இருப்பவர் மாட்டிக்கொள்வார், விட்டுவிடு.

அன்று வாசற்படியில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அம்மா படிப்பாள். அத்தைகள் படிப்பார்கள். படித்துவிட்டு ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அவர்களுக்கு 'சக்கரம் தேய்த்ததில் இரண்டு பேருக்கும் தகராறு' என்ற அளவு போதும். அது பொய்யும் இல்லை.

முதல் சக்கரத்தைப் பற்றிப் பேசவேண்டும். டயரைக் கழற்றாமலே பெயிண்ட் அடித்தோமே, அந்தச் சக்கரம். ரப்பரில் ஒட்டிய நாடா நிற்காமல் சுருண்டு சுருண்டு விழுந்தது. நான் நாடாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சீட்டுக்கட்டோடு வந்தாய். டயரில் காற்றை இறக்கிவிட்டு, ரிம்மின் உதட்டுக்கும் ரப்பருக்கும் இடையில் ஒவ்வொரு சீட்டாகச் செருகினாய். ஒன்றின் தோள்மேல் அடுத்தது சாய்ந்து நின்றது. 33 சீட்டில் வட்டம் முடிந்தது. ராஜா, ராணி, மந்திரி எல்லோரும் நம்மைப் பார்த்து நிற்க, சக்கரம் ஒரு சூரியகாந்தி போல இருந்தது. காற்று அடைக்கும் வால்வுக்குப் பக்கத்தில் ஹார்ட்டின் ராணியை வைத்து, "இவள் காவல்" என்றாய்.

பிறகு அடித்தாய். முதல் பூச்சு மூடுபனி மாதிரி, உலோகம் மறையக்கூட இல்லை. 10 நிமிடம் காத்திருக்க வேண்டும், அதற்குக் கடிகாரம் நான். "கை ஓடத் தொடங்கிய பிறகு அழுத்து, ஓரத்தைத் தாண்டிய பிறகு விரலை எடு, நடுவில் யோசிக்காதே" என்றாய். இரண்டாவது சக்கரத்தை என்னிடம் கொடுத்தபோது நான் நடுவில் யோசித்தேன், பெயிண்ட் கண்ணீர் மாதிரி வழிந்தது. "அழட்டும், காய்ந்த பிறகு தேய்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் இந்த ஒரு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்ப வேண்டாம்.

சரி, நான்காவது.

பெயிண்ட் உரிக்கும் திரவத்தைத் தடவி விட்டிருந்தேன். பழைய பூச்சு சுருங்கி எழும்பியது. ஆரக்காலின் பின்பக்கம், அது நடுவட்டத்தோடு சேரும் இடத்தில், ஒரு கோடு தெரிந்தது. வார்ப்பில் விழுந்த கோடு என்று நினைத்தேன். சத்தியமாக முதலில் அப்படித்தான் நினைத்தேன். வார்ப்புச் சக்கரங்களின் பின்பக்கத்தில் அச்சின் கோடுகள் இருக்கும், உனக்குத் தெரியும். ஆனால் அச்சுக்கோடு மேடாக இருக்கும். இதில் நகத்தை ஓட்டினேன், நகம் சிக்கியது.

நகம் சிக்கியது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

இரண்டு பாகத்தையும் சமமாகக் கிள்ளிப் பிசைந்து உலோகப் பட்டியை அழுத்தினேன். இரவு முழுவதும் காயவிட்டு 80-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 180, அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு. நடைபாதை ஓரம் உரசிய தழும்புக்குப் பட்டி பார்க்கலாம், விரிசலுக்குப் பட்டி பார்க்கக் கூடாது என்று முதல் நாளே நீ சொல்லியிருந்தாய். பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரம் தாங்காது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நீயும் யோசித்துப் பார். வார இறுதிக்குள் மாட்டியாக வேண்டும் என்றவள் நீ. நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று வேறாக இருந்தால் வண்டியே ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும் என்றவளும் நீ. இன்னொரு சக்கரம் வாங்கக் கையில் பணமில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அந்த நிலையில் நகம் சிக்கியது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நம் வீட்டில் கெட்ட செய்தி கொண்டுவருகிறவன்தான் அதைச் செய்தவன் என்று ஆகிவிடுகிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை அம்மாவுக்காக எழுதவில்லை, உனக்காக எழுதுகிறேன்.

சாக்குச் சொல்கிறேன் என்று தெரிகிறது. சாக்காக இருந்தாலும் நடந்தது இதுதான்.

பட்டி காய்ந்து சற்றே சுருங்கியிருந்த இடத்தில் சாய்வாக வெயில் பட்டபோது கண்டுபிடித்துவிட்டாய். "இது என்ன?" என்று ஒரே கேள்வி. "பழைய குழி" என்றேன். ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருக்கலாம், குறைத்துச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு நடந்தது வாசற்படிக் கதை. இரும்புச் சக்கரங்களிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். நான்கு அலாய் (அலுமினிய) சக்கரங்களும் பின்கட்டுச் சுவரில் சாய்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

விரிசல் பார்க்கும் சாயம் என்று ஒன்று இருக்கிறது, மூன்று டப்பா. ஒன்றால் துடைக்க வேண்டும். சிவப்புச் சாயத்தை அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். மேலே நிற்கும் சாயத்தைத் துணியால் எடுத்துவிட்டு, கடைசியாக வெள்ளைப் பொடி. விரிசலுக்குள் இறங்கிய சாயம் வெள்ளையில் மெல்ல ஊறி வெளியே வரும். இதற்கு வெற்று உலோகம் வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயை அதுவே மூடிவிடும், சாயம் உள்ளே போகாது. அதனால் என் பட்டியைத் திரவத்தில் ஊறவைத்து, மரக்குச்சியால் நான்கு நாள் நோண்டி எடுத்தேன். தண்டனை என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்.

கோடு என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. நான் பட்டி பார்த்தது அதில் பாதியைத்தான். மீதிப் பாதி என் கண்ணுக்கே தெரிந்திருக்கவில்லை.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாயம் மீதி இருந்தது. மற்ற மூன்றையும் பார்த்துவிடலாம் என்று டயர்களைக் கழற்ற வைத்து, நாம் அடித்த பூச்சை எல்லாம் உரித்தேன். அது எளிதாக இருந்ததா என்று கேட்காதே. இரண்டாவதில் ஒன்றுமில்லை, மூன்றாவதிலும் இல்லை. முதல் சக்கரத்தில், உட்பக்க உருளையில், டயர் மூடியிருந்த இடத்தில், சிவப்பாக ஒரு கோடு எழுந்து வந்தது.

அந்த டயரில் மூன்று நாளுக்கு ஒருமுறை காற்று இறங்கியது நினைவிருக்கிறதா? "டயர் உட்காரும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்திருக்கும், பிறகு தேய்த்துவிடலாம்" என்றாய். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும், நானும் தலையாட்டினேன். கழற்றிப் பார்த்தபோது அங்கே வெள்ளைப் பூப்பு எதுவும் இல்லை. காற்று அந்தக் கோட்டின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கிய அடி, நாம் வாங்குவதற்கு முன்பே விழுந்திருக்க வேண்டும்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரை நிமிடம் இருக்கும். நீயும் தவறவிட்டிருக்கிறாய் என்ற சந்தோஷம். பிறகு, அந்தச் சக்கரத்தை முன்பக்கம் வலதில் மாட்டுவதாக நீ சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதை வைத்து என் அக்காவைக் குறை சொல்லவேண்டாம். டயர் மூடியிருந்த இடம் அது, வெளியிலிருந்து எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. டயரைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும். முதல் சக்கரத்துக்கே டயரைக் கழற்றிவிடலாம் என்று சொன்னது நான். தேவையில்லை என்று சீட்டுக்கட்டை எடுத்துவந்தது நீ. அதையும் எழுதிவிடுகிறேன்.

எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. நீ பார்க்கவில்லை, நான் பார்த்து மூடினேன். இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நீ விளக்க வேண்டியதில்லை.

முதலாவதும் அறுபட்டுப் போய்விட்டது. அதே வார்ப்பில் வேறு இரண்டு கிடைத்தன. நட்டுக்கு ஆறு துளை, அவை அமைந்த வட்டம் 139.7 மில்லிமீட்டர், நடுத்துளையும் பொருந்துகிறது. வாங்குவதற்கு முன்பே டயரில்லாமல் உருட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் சாயம். சிவப்பு எங்கும் எழவில்லை.

நீ கேட்ட கண்ணாடிப் பளபளப்பு இல்லை, கோபப்படாதே. 320, 600, 1000, 2000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றி, தண்ணீர் விட்டு ஒன்றைத் தேய்த்துப் பார்த்தேன். கருஞ்சேறு முழங்கை வரை ஏறியது, பஃபிங் போட்டு மெருகேற்றியதும் என் முகம் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, என் முகத்தைத் தவிர. ஆனால் வெற்று அலுமினியம் சீக்கிரம் மங்கிவிடும். மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சைப் பூசினால், அவ்வளவு வழவழப்பில் அது கெட்டியாகப் பிடிக்காது. ஒரு கல் பட்டுத் தெறித்த இடத்தில் ஈரம் புகுந்தால், பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு கிளம்பும். வாங்கியபோது நம்முடையவற்றில் இருந்ததே, அதேதான். ஆகவே அந்தப் பளபளப்பையும் மறுபடி 320-இல் மங்கவைத்தேன். நீ பார்த்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாய்.

அலுமினியம் கவ்விப் பிடிக்கும் அமில பிரைமர், தேய்த்த அன்றே அடித்தேன். மேலே வெள்ளி, அதற்கு மேலே கிளியர். இரண்டு பாகம் கலக்கும் கிளியரைத் தொடவில்லை. கெட்டியாக நிற்கும்தான், ஆனால் அதில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கிறது, நம் தூசி முகமூடி அதற்குப் போதாது. சாதாரண டப்பா கிளியர்தான். பிரேக் எண்ணெய் சிந்தினால் உடனே கழுவிவிடு, இல்லாவிட்டால் தின்றுவிடும். வண்டியில் சக்கரம் மாட்டும் ஹப்போடு சேரும் முகத்திலும் நட்டு உட்காரும் இடங்களிலும் ஒரு துளிகூடப் பெயிண்ட் இல்லை. அங்கே பெயிண்ட் இருந்தால் ஓட ஓட நசுங்கி, முறுக்கிய நட்டு தளர்ந்துவிடும். நான் அடித்ததில் ஒரு வழிசல்கூட இல்லை, சொல்லிவிடுகிறேன்.

ஒரு பையில் 24 நட்டு கட்டி வைத்திருக்கிறேன், வாஷரோடு, அடிப்பக்கம் தட்டையானவை. இரும்புச் சக்கரத்தின் கூம்பு நட்டுகள் இதில் உட்காரா, பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். எதிரெதிராக முறுக்கவேண்டும், வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபார். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்பாய். இந்த ஒன்றை மட்டும் நான் சொல்லி நீ கேட்டதாக இருக்கட்டும்.

சீட்டுக்கட்டை எறியவில்லை. 33 சீட்டின் ஒரு முனையில் வெள்ளி பிறை மாதிரி நிற்கிறது. அதை வைத்து விளையாட முடியாது, யார் கையில் எது என்று பின்பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஹார்ட்டின் ராணியை மட்டும் காணவில்லை. நீ எடுத்துக்கொண்டு போயிருந்தால் சரி. இல்லையென்றால் சொல், இன்னும் தேடுகிறேன்.

நான்கும் போர்வை மூடிப் பின்கட்டில் இருக்கின்றன. உன் வண்டிக்குத்தான். என்னோடு பேச வேண்டும் என்று இல்லை, வந்து மாட்டிக்கொண்டு போகலாம். வரும்போது ஜாக்கியைக் கொண்டுவா, அது உன்னிடம்தான் இருக்கிறது.