வலித்தால் வலிக்கிறது என்று சொல்

அன்புள்ள கயல்,

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பெங்களூரில் படுத்துக்கிடக்கிறவளுக்கு வேறென்ன வேலை, பொறுமையாகப் படி.

மார்பகத்தைப் பெரிதாக்குகிற ஆபரேஷன், எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாய். பரவாயில்லை. உன் உடம்பு, உன் சம்பளம், உன் முடிவு. சர்வீஸ் முழுக்க சர்ஜரி வார்டில் நின்றவளுக்கு இதில் அதிர்ச்சி என்ன? 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதையே இலவசமாகச் செய்ய ஆரம்பித்தபோதும் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும்.

என் கவலை வேறு. குடல்வால் எடுத்தவர் வார்டையே கூட்டிவிடுவார். அழகுக்காகச் செய்துகொண்டவர்கள் எங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். "நானே தேடிக்கிட்டதுதானே சிஸ்டர்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். நீயும் அந்த ரகம்தான். இம்பிளான்ட்டை, அதுதான் உள்ளே வைக்கிற பையை, தசைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்றாயே, அந்தத் தசை இழுபடுகிற வலி லேசானதில்லை. கேட்டு வாங்கின வலி என்று நரம்புக்குத் தெரியாது. மாத்திரையை நேரத்துக்குப் போடு. வலி ஏறின பிறகு போட்டால் அடங்க நேரமாகும். வயிறு கட்டினால் முக்காதே, டாக்டரிடம் கேட்டு மருந்து வாங்கிக்கொள்.

அப்புறம், உன் கை சும்மா இருக்காது. மேல் அலமாரியில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் அறைத்தோழியை விட்டு இடுப்பு உயரத்துக்கு இறக்கச் சொல். தண்ணீர் கேனைத் தொடவே தொடாதே. கேன் போடுகிற பையனே ஏற்றி வைத்துவிட்டுப் போகட்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி போடு. முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்து மல்லாந்து படு. அதற்காகப் படுத்தே கிடக்காதே, ஹாலுக்கும் வாசலுக்குமாவது நட. இல்லையென்றால் காலில் ரத்தம் உறையும்.

"கல்லு மாதிரி மேலே ஏறி நிக்குது" என்று மெசேஜ் போட்டிருந்தாய். முதலில் அப்படித்தான் இருக்கும், இறங்கிப் படிய மாதக்கணக்கில் ஆகும். மரத்துப்போவது, சுருக்கென்று குத்துவது எல்லாம் சகஜம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதற்கும், காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்காதே. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பு.

உன் அத்தை கத்திரிக்காய் ஆகாது, புளி ஆகாது என்று பட்டியல் போடுவாள். (உனக்கு பித்தப்பை ஆபரேஷன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.) நீ பாட்டுக்கு முட்டை, மீன், பருப்பு என்று சாப்பிடு. தையலில் மட்டும் மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவிவிடாதே.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இம்பிளான்ட் கம்பெனி பெயரும் சீரியல் நம்பரும் போட்ட அட்டை கொடுத்திருப்பார்கள். அதைப் பாஸ்போர்ட்டோடு வை. வைத்தது ஆயுசுக்கும் வருவதில்லை, பின்னால் மாற்ற வேண்டி வரலாம். மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கிற வயதிலும் அதை முதலில் காட்ட வேண்டும்.

வரவா என்று கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் கேட்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வெள்ளிக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, நீ இப்போது வண்டி ஓட்டக் கூடாது. நானே ஆட்டோ பிடித்து வருகிறேன்.

அம்மா