பட்டனுக்குப் பெயர் வையுங்கள்

கடைக் கணக்கு, பில், இருப்பு பார்க்கிற செயலிகளைச் செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு,

வணக்கம். திருகோணமலையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கண் பார்வை இல்லை. போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டு, விரலால் தள்ளித் தள்ளி, அது வாசிப்பதைக் கேட்டு மூன்று வருடமாக என் கணக்கை நானே எழுதுகிறேன். முந்தி கொப்பிதான், யாரோ எழுத வேண்டும், யாரோ வாசிக்க வேண்டும், என் கடனும் வரவும் இன்னொருவர் வாயால்தான் எனக்குத் தெரியவரும்.

போன மாதம் நான் பாவிக்கிற செயலிக்கு அப்டேட் வந்தது. எழுத்தாக இருந்த பட்டன்கள் படங்களாகிவிட்டன, வடிவாக இருக்கிறது என்று மகன் சொன்னான், ஆனால் எனக்கு டாக்பேக் "பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. எது சேமிப்பது, எது அழிப்பது? ஊகித்துத் தட்டினேன். கிழமைக்கொரு தடவை நெத்தலிக் கருவாடு எடுக்கிற கிண்ணியா வியாபாரி ஒருவருடைய கணக்கு முழுதும் போய்விட்டது. நல்ல மனிதர், தன்னுடைய கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லோரும் சொல்வார்களா?

டாக்பேக்கிலேயே பட்டனுக்கு நாமாகப் பெயர் வைக்கலாம். அதையும் செய்து பார்த்தேன். சில பட்டன்கள் ஏற்கவில்லை.

ஆண்ட்ராய்டில் இதற்கு 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. படத்துக்கான நிரலில் "பில்லைச் சேமி" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், டாக்பேக் அதை வாசிக்கும். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவருக்கும் இதே மாதிரி வழி உண்டு. பட்டனின் அளவு 48 டிபிக்கு (டிபி என்பது ஆண்ட்ராய்டில் திரை அளவுக்கான அலகு) குறையக்கூடாது என்று கூகுளே சொல்கிறது. அப்புறம், அழிக்கிற பட்டனைச் சேமிக்கிற பட்டனோடு ஒட்டி வைக்காதீர்கள், தயவுசெய்து.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐநா சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. எல்லோருக்கும் அணுகல் வசதி வேண்டும் என்கிற அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே இதை உதவியாக நான் கேட்கவில்லை. மற்ற வியாபாரிகளைப் போல நானும் மாதாமாதம் காசு கட்டித்தான் பாவிக்கிறேன்.

அடுத்த அப்டேட்டை வெளியிடமுன் டாக்பேக் பாவிக்கிற ஒருவரிடம் கொடுத்து ஒரு பில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். காலை ஒன்பது மணிக்கு முன் கடையில் பெரிதாகச் சனம் இருக்காது.