கோத்தகிரித் தம்பிக்கு: கோடு போதும், கவிதை வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஏழு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நில அளவை வரைபடத்தை நகலெடுத்து, உன் அம்மா தினமும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து கொழுந்து பறிக்கப் போய்த் திரும்பும் வழியைச் சிவப்பு மையால் வரைந்து, ஓரத்தில் கவிதையும் எழுதியிருக்கிறாய். கோடு அருமை, கவிதையை எடுத்துவிடு.

ஜப்பானில் பிறந்த ஓவியர் ஆன் கவாரா, 1968 முதல் 1979 வரை, தாம் அன்றன்று போய்வந்த வழிகளை வரைபட நகலில் சிவப்புக் கோடாக இழுத்துத் தேதியிட்டு வைத்தார். ஏன் போனார், யாரைப் பார்த்தார் என்று ஒரு சொல் கிடையாது. அதனாலேயே அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை. நீயோ 'வியர்வையில் நனைந்த பாதை' என்று எழுதி, பார்ப்பவர் நினைக்கவேண்டியதை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாய். (உறைபனியில் தேயிலை கருகும் ஜனவரிக் காலையில் ஏதப்பா வியர்வை?)

எழுத்தே கூடாது என்று சொல்லவில்லை. 1967இல் டெரி அட்கின்சன், மைக்கேல் பால்ட்வின் என்ற இரண்டு இங்கிலாந்துக் கலைஞர்கள் ஒரு வரைபடம் செய்தார்கள். அதில் அயோவா, கென்டக்கி என்ற இரண்டு அமெரிக்க மாநிலங்கள் மட்டுமே இருக்கும், மற்றதெல்லாம் வெள்ளைத்தாள். கீழே, அந்தப் படம் காட்டாத இடங்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். வெறும் பெயர்கள்தாம், ஒரு அடைமொழிகூட இல்லை.

உன் தாளும் அப்படிக் காட்டாமல் விட்டது நிறைய உண்டு. மூன்றாம் தாளில் கோடு சட்டென்று மடங்குகிற இடத்தை அம்மா 'ஒத்தக் கற்பூர மரம்' என்பார் என்று தொலைபேசியில் சொன்னாயே, வரைபடத்தில் அங்கே வெறும் உயரக்கோடுகள்தாம் நெருங்கிக் கிடக்கின்றன. மரத்தை வெட்டிப் பல வருடமாகியும் பெயர் நிற்கிறதென்றால், அதை எழுதாமல் வேறு எதை எழுதப்போகிறாய்? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி உன் தாத்தா இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்த வழியும் இந்தத் தாளுக்குள் அடங்காதது. அடியில் சிறிய எழுத்தில் கண்டி, தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று மட்டும் போடு.

எட்டாவதாக ஒரு வெற்றுத்தாளை அம்மாவிடமே கொடுத்து, லயத்திலிருந்து எடை போடும் கொட்டகைக்கு வழி வரைந்து தரச் சொல். வடக்கு மேலே இருக்கவேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
குன்னூர் அண்ணன்